மறுநாள் ரயிலேற முடியாதவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 2006-ஆம் ஆண்டு ஜூலை 11-ஆம் தேதி மாலை, மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில் அடுத்தடுத்து 7 குண்டுகள் வெடித்ததை மும்பையில் வாழும் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறுநாள் காலையிலேயே ரயில்கள் ஓடின, மக்களும் ஏறினார்கள், நகரத்தின் துணிச்சலை நாடே பாராட்டியது. அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆயினும், மறுநாள் ஏற முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களைப் பற்றித்தான் உளவியல் ஆலோசகர் என்ற முறையில் நான் இன்று பேச விரும்புகிறேன்.

அடையாளங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தாராவிக்காரர்; அன்று அந்த ரயில்களில் ஒன்றில் இருந்து உயிர் தப்பியவர். மாஹிம் நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருந்தும், பல ஆண்டுகள் பஸ்ஸிலேயே வேலைக்குப் போய்வந்தார். கணபதி ஊர்வலத்தில் பட்டாசு வெடித்தால் உடல் வியர்த்துவிடும்; எங்கு உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "உசுரு தப்பிச்சதே சாமி புண்ணியம், பழசை மறந்துடுப்பா." அவர் மறக்கத்தான் முயன்றார். அந்த முயற்சியே நோயை வளர்த்தது. நினைவைத் தொடாமல் விலகி விலகிப் போகும்போது, அது முடிந்துபோன பழைய சம்பவமாக மனத்தில் அடங்காமல், இப்போதுதான் நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வருகிறது.

பி.டி.எஸ்.டி. (PTSD), அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் எனப்படும் இந்தப் பாதிப்பு 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் தனிப்பெயரோடு இடம்பெற்றது. உளவியலாளர் எட்னா ஃபோவா வகுத்த சிகிச்சை முறையில், நடந்ததை ஆலோசகரின் துணையோடு மீண்டும் மீண்டும் வாய்விட்டுச் சொல்லவும், தவிர்த்துவந்த இடங்களுக்குப் படிப்படியாகத் திரும்பிப் போகவும் பழக்குகிறார்கள். மற்றோர் உளவியலாளரான பட்ரீஷியா ரெஸிக் உருவாக்கிய முறையோ, மனத்தில் முள்ளாகத் தைத்திருக்கும் எண்ணங்களைக் கேள்விக்கு உட்படுத்துகிறது. நான் சொன்னவரின் முள் இது: "என் இடத்தை அந்தப் பெரியவருக்கு விட்டுக்கொடுத்தேன், அதனால்தான் அவர் போனார்." குண்டு வைத்தவனின் குற்றத்தை, இடம் கொடுத்த தன் நல்ல மனத்தின்மேல் இத்தனை ஆண்டுகள் ஏற்றிவைத்திருந்ததை அவரே கண்டுகொள்ளப் பல வாரங்கள் ஆயின.

மைண்ட்ஃபுல்னெஸ் எனப்படும் முழுக்கவனப் பயிற்சியை, 1979-இல் ஜான் கபாட்-ஸின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கான வகுப்பாகத் தொடங்கினார். இன்று அது எல்லா இடங்களிலும் கிடைக்கிறது, அதனாலேயே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பேரதிர்ச்சிக்கு ஆளானவரைக் கண்ணை மூடி, மூச்சைக் கவனித்து, அரை மணி நேரம் அசையாமல் உட்காரச் சொன்னால், அந்த அமைதிக்குள் புகையும் அலறலும் வந்து நிறைந்துவிடக்கூடும். ஆகவே கண்களைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம், பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரலாம், நேரத்தைச் சில நிமிடங்களாகக் குறைத்துக்கொள்ளலாம். அவருக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது எவர்சில்வர் டம்ளரில் சூடான காபி. உள்ளங்கையில் ஏறும் சூடு, விளிம்பின் வழவழப்பு, டிக்காஷன் மணம் என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, உடல் இன்றைய தேதிக்குத் திரும்பிவிடும். இது சிகிச்சைக்குத் துணைதான். சிகிச்சைக்குப் பதில் ஆகாது.

பிறகு ஒரு நாள் மாஹிம் நடைமேடையின் பெஞ்சில் உட்கார்ந்து, வண்டிகள் வந்து போவதை மட்டும் பார்த்தார். சில வாரங்கள் கழித்துப் பாந்த்ரா வரை ஒரே ஒரு நிலையம் போய், அடுத்த வண்டியில் திரும்பி வந்தார். கம்பியைப் பிடித்திருந்த கை முழுக்க வியர்வை என்றார்; இறங்கும்போது சிரித்தார்.

இத்தகைய துன்பம் ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் நேயர்கள், 14416 என்ற டெலி-மானஸ் (மத்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நன்றி, வணக்கம்.