காளிதாஸும் நம் வீட்டு மச்சுப் பெட்டியும்

(நாகர்கோவிலில் நடந்த நூலக விழா உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, குத்துவிளக்கேற்றிய மாமன்ற உறுப்பினர் அவர்களே, பொன்னாடை அணிவித்த வர்த்தகர் சங்கத்து அண்ணாச்சிமாரே, நூலகர் அம்மையாரே, மின்விசிறி ஓடாத மூலையிலும் பொறுமையாக அமர்ந்திருக்கும் தாய்மாரே, வணக்கம். பெயர் விடுபட்ட பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ குறித்துக் கதை, ஒலிப்பதிவு, பாட்டு என்று மூன்றையும் பேசுவேன் என அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். கதை உங்களுக்குத் தெரியும். இளவரசியின் செருக்கை அடக்க, நுனிக்கொம்பில் இருந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டிய இடையனைப் பிடித்துவந்து அவளுக்குக் கட்டிவைக்கிறார்கள். காளி அருளால் அவன் கவியாகிறான். நுனிக்கொம்பில் இருந்து அடிக்கொம்பை வெட்டாதே. இந்தச் சொல் எனக்குப் பிடித்தம், இன்னும் வரும்.

பம்பாயில் அர்தேஷிர் இரானி தயாரிக்க, எச்.எம்.ரெட்டி இயக்க, டி.பி.ராஜலட்சுமி நாயகியாக நடித்த படம். தமிழும் தெலுங்கும் கலந்து பேசியது. காளிதாசன் கதைக்குள் காந்தியின் ராட்டினப் பாட்டையும் பாடினார்கள்! 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளிவந்தது.

படப்பெட்டி சென்னை சென்ட்ரலுக்கு வந்திறங்கிய கோலத்தைக் கேளுங்கள். நடிகர் வரவில்லை, நடிகை வரவில்லை, வந்தது வெறும் தகரப் பெட்டி. அதற்கே ஆயிரக்கணக்கில் கூட்டம். வால்டாக்ஸ் சாலை நெடுக ஊர்வலம். பூத் தூவினார்களாம், தேங்காய் உடைத்தார்களாம், ஊதுவத்தி கொளுத்தினார்களாம். சுசீந்திரம் தேர் நிலைக்கு வருகிற மாதிரி வந்திருக்கிறது பெட்டி. பேசும் பெட்டியல்லவா! சரி, அந்தச் சுருளில் இன்று என்ன மிச்சம்? ஒரு அடிகூட இல்லை.

அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட் என்ற எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனது. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியத் தேவையான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. எரியாவிட்டாலும் ஈரக்காற்றிலும் சூட்டிலும் அமிலம் கக்கும். முதலில் படம் மங்கும், அடுத்து பிசுபிசுக்கும், தேன்போல் நுரைக்கும், கட்டிதட்டும், கடைசியில் பழுப்புத் தூள். ஓட்டம் முடிந்த பிரதிகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காகக் கரைத்தவர்களும் உண்டு. நுனிக்கொம்பில் இருந்து அடிக்கொம்பை வெட்டியது அதுதான்.

நம் மாவட்டக் கதை இதற்கு நேர்மாறு. நாகர்கோவில் சுந்தரராஜ் 1933-ல் எடுத்த மௌனப்படம் ‘மார்த்தாண்ட வர்மா’. நாவல் உரிமை வழக்கில் சுருளைப் பறிமுதல் செய்து, அந்த நாவலின் பதிப்பகத்தில் போட்டார்கள். போட்ட இடத்தில் கிடந்ததால் பிழைத்தது. 1974-ல் புனே திரைப்பட ஆவணக்காப்பகம் போய்ச் சேர்ந்தது. சுந்தரராஜுக்கு உறவினரான, மலையாள சினிமாவின் தந்தை எனப்படும் ஜே.சி.டேனியல் அகஸ்தீஸ்வரத்தில் கண்மூடினார். ஆனால் டேனியல் எடுத்த படம் மிஞ்சவில்லை.

ஒலிப்பதிவைப் பற்றிப் பேச நேரம் போதாது, தலைவர் மணி பார்க்கிறார். ஒழுகினசேரி கலைவாணர் ஊரில் பழைய சினிமாவுக்கென ஓர் ஆவண அறை வேண்டும் என்பதே என் கோரிக்கை. நூலகத்தில் ஒரு மூலையைத் தாருங்கள் என்று மாமன்ற உறுப்பினரை இந்த மேடையிலேயே கேட்கிறேன்.

அதுவரை உங்கள் மச்சையும் பத்தாயத்து மூலையையும் பாருங்கள். துருப்பிடித்த சுருள் டப்பா இருந்தால் நெம்பாதீர்கள். வெயில், அடுப்பு, சிகரெட்டு எட்டாத நிழலில், காற்றாடும் அறையில் வைத்துவிட்டு விவரம் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். ஒட்டிய சுருளைப் பிரித்தால் படத்தோடு உரிந்து வரும். காடி வாசனை அடித்தால் அது பிற்கால அசிடேட் வகைச் சுருள், நைட்ரேட்போலத் தீக்குப் பயமில்லை. ஆனால் மற்றச் சுருள்களோடு சேர்க்கக் கூடாது. பழைய சினிமாப் பாட்டுப்புத்தகத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேபிளை மட்டும் மெல்ல எடுங்கள். கிராமபோன் தட்டைச் சாராயத்தாலோ ஸ்பிரிட்டாலோ துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

பாட்டுப்புத்தகம் கொண்டுவந்தவர்கள் வாசலில் நூலகர் அம்மையாரிடம் காட்டினால், அட்டையைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு அப்போதே திருப்பித் தந்துவிடுவார்.