துருத்தியை விடாத லாரன்ஸ் வெல்க்

நண்பர்களே, வணக்கம்.

லாரன்ஸ் வெல்க் என்ற இசைக்குழுத் தலைவரின் பெயர் உங்களில் பலருக்குப் புதிதாக இருக்கலாம். 1903-ல், அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஸ்ட்ராஸ்பர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் பேசியது ஜெர்மன். ஆனால் பெற்றோர் ஜெர்மனியில் பிறந்தவர்கள் இல்லை. கருங்கடல் பக்கம், ஒடெசாவுக்கு அருகே ஜெர்மானியர் குடியேறிய செல்ஸ் கிராமத்திலிருந்து 1892-ல் கப்பலேறியவர்கள். இரண்டு முறை நாடு மாறிய சமூகம் அது. அப்படியும் கல்யாணம் என்றால் ஆட்டம் என்ற வழக்கத்தை அவர்கள் விடவில்லை. களஞ்சியத்தை ஒழித்து இடம் பண்ணி, போல்கா, வால்ட்ஸ் என்ற ஜோடி நடனங்களை ஆடுவார்கள். அதற்கு ஒரு அக்கார்டியன் போதும்.

நம் ஆர்மோனியத்தைப் போலவே, துருத்திக் காற்றில் உலோக ரீடுகள் அதிர்ந்து ஒலிக்கும் வாத்தியம்தான் அதுவும். வலது கையில் மெட்டு, இடது கைப் பொத்தான்களில் தாளத்தைத் தாங்கும் அடிச்சுரங்கள். ஆட்டத்துக்கு வாசிப்பவருக்குப் பெரிய சோதனை துருத்திதான். இழுப்பிலிருந்து அமுக்கலுக்குத் திரும்பும்போது காற்று தடுமாறினால், சுற்றி ஆடும் ஜோடியின் காலும் தடுமாறும். அதனால் மெட்டின் ஒரு வரி முடியும் இடம் பார்த்துத்தான் திருப்புவார்கள். இந்த வித்தை கல்யாண வீடுகளில்தான் கைக்கு வரும்.

அப்பா லுட்விக்கும் அக்கார்டியன் வாசிப்பவர்தான். நல்ல வாத்தியம் வேண்டும் என்று மகன் கேட்டபோது விலை 400 டாலர். அந்தக் காலத்தில், அந்தக் குடும்பத்துக்கு, மலைப்பான தொகை. அப்பா ஒப்புக்கொண்டார். ஆனால் 21 வயது வரை பண்ணையில் உழைக்க வேண்டும், வாசித்துச் சம்பாதிப்பதையும் வீட்டில் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகன் வாக்கைக் காப்பாற்றினார். 1924-ல், 21 வயது நிறைந்ததும் அக்கார்டியனோடு கிளம்பினார்.

அப்புறம் இசைக்குழு, வானொலி, 1955 முதல் ஏபிசி தொலைக்காட்சி. அவர் தந்தது மெருகேற்றிய பொழுதுபோக்கு, நாட்டார் இசை அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. பாதி உண்மை. அந்த மேடையில் எல்லா வகைப் பாட்டும் இருந்தது. ஆனால் நாடு முழுக்க ராக் இசை ஒலித்த காலத்திலும் அங்கே போல்காவுக்கு இடம் இருந்தது. மைரன் ஃப்ளோரன் என்ற நார்வே வம்சாவளிக் கலைஞர் அங்கே அக்கார்டியனில் பறப்பார். வெல்க்கோ பார்வையாளர் நடுவே இறங்கி, வந்திருந்த பெண்களோடு ஆடுவார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆடுகிற கால்கள் இல்லாவிட்டால் இந்த இசை பதிவுத்தட்டில் மட்டும்தான் இருந்திருக்கும்.

1971-ல் ஏபிசி நிகழ்ச்சியை நிறுத்தியது. பார்ப்பவர்கள் வயதானவர்கள் என்பது விளம்பரதாரர்களின் கவலை. வெல்க் ஓயவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி நிலையங்களைத் தாமே சேர்த்து, 1982 வரை நடத்தினார்.

சரி, இப்போது ஒரு போல்காவைப் போடச் சொல்கிறேன். இடது கையைக் கவனித்துக் கேளுங்கள். ஆட விரும்புகிறவர்கள் நாற்காலிகளை ஓரமாக நகர்த்திக்கொள்ளலாம்.