கிளவுட் கேமிங்: கிராபிக்ஸ் கார்டு செலவு யார் தலையில?

[திரை: பழைய லேப்டாப் ஒண்ணுல ஒரு பெரிய கேம் ஓடுது]

இந்த லேப்டாப்புல கேம் படத்தை வரையுற கிராபிக்ஸ் கார்டு தனியா கிடையாது. ஆனா கேம் ஜோரா ஓடுது. ஏன்னா கேம் இங்க ஓடல. எங்கயோ ஒரு டேட்டா சென்டர்ல ஓடுது, அதோட படம் மட்டும் வீடியோவா இங்க வந்து சேருது. நீங்க அமுக்குற பட்டன் மட்டும் அங்க போகுது. இதுக்குப் பேர்தான் கிளவுட் கேமிங்.

"இனிமே விலை உயர்ந்த கம்ப்யூட்டர் வாங்கவே வேண்டாம்"னு விளம்பரம் சொல்லுது. நாம வாங்க வேண்டாம், சரி. வேற யாரோ வாங்கித்தானே ஆகணும்? அது யாரு, அவங்களுக்குக் கட்டுப்படியாகுமா? நான் பேச வந்தது இதைத்தான்.

முதல்ல நம்ம பக்கம். இங்க பெருசா ஒண்ணும் தேவையில்ல. சுருக்கி வர்ற வீடியோவை வேகமா விரிக்கிற (டீகோட் பண்ற) சிப் இருந்தாப் போதும், இன்னிக்கு சாதாரண போன்லயே அது இருக்கு. வைஃபைன்னா 5 கிகாஹெர்ட்ஸ், முடிஞ்சா லேன் கேபிள். டிவியில ஆடுறீங்கன்னா கேம் மோடைப் போட்டுருங்க. அவ்வளவுதான்.

[திரை: பட்டன்ல ஆரம்பிச்சு டேட்டா சென்டர் போய்த் திரும்புற கோடு]

அடுத்தது தாமதம். பட்டன் அமுக்கினது சர்வருக்குப் போகணும், சர்வர் அடுத்த ஃப்ரேமை, அதாவது அடுத்த படத்தை வரையணும், அதைச் சுருக்கணும், அது நம்ம வீட்டுக்கு வரணும், விரியணும், திரையில தெரியணும். விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடுற கேம்ல ஒரு ஃப்ரேமுக்கு இருக்கிற நேரமே சுமார் 16.7 மில்லி செகண்ட். ஃபைபர் கேபிள்ல ஒளி ஒரு மில்லி செகண்டுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் போகும். அதனால சர்வர் 1,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தா, போக வர குறைஞ்சது 10 மில்லி செகண்ட். எவ்வளவு காசு கொட்டினாலும் இதைக் குறைக்க முடியாது.

யூடியூப்ல இந்தத் தொல்லை இல்ல. அங்க வீடியோவை முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வெச்சுக்கலாம். கேம்ல நீங்க அடுத்து எந்தப் பட்டனை அமுக்குவீங்கன்னு யாருக்குத் தெரியும்? சேர்த்து வைக்க அங்க எதுவுமே இல்ல.

ஆனா தாமதத்தை மட்டும் வெச்சு "கிளவுட் கேமிங் தேறாது"ன்னு சொல்றவங்களோட நான் ஒத்துப்போகல. வீட்டுல இருக்கிற கன்சோல்லயே, பட்டனை அமுக்கி திரையில அசைவு தெரிய 60-ல இருந்து 100 மில்லி செகண்ட் ஆகுற கேம்கள் நிறைய இருக்கு. அதோட இன்னொரு 30, 40 சேர்ந்தா கதை கேம் ஆடுறவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபைட்டிங் கேம், போட்டி ஷூட்டிங் கேம் ஆடுறவர் கடுப்பாவார். அது உண்மை.

வீடியோ சுருக்கமும் ஓரளவு தீர்ந்துபோன பிரச்சினை. 1080பி (ஃபுல் எச்டி) படத்தை 60 ஃப்ரேம்ல சுருக்காம அனுப்பணும்னா விநாடிக்கு சுமார் 3 ஜிகாபிட் வேணும். அதை 20 மெகாபிட்டுக்குள்ள அடக்குறாங்க. கிட்டத்தட்ட 150 மடங்கு! கிராபிக்ஸ் கார்டுக்குள்ளயே இதுக்குன்னு ஒரு பகுதி இருக்கிறதால சில மில்லி செகண்ட்ல வேலை முடியுது.

[திரை: டேட்டா சென்டர் ரேக்குகள்]

பணம் எங்க கரையுதுன்னா, இங்கதான். ஒரு சினிமாவை எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் ஃபைல் ஒண்ணுதான். அது அண்டாவுல வெச்ச சாம்பார் மாதிரி, மொண்டு மொண்டு ஊத்தலாம். கேம் அப்படி இல்ல, அது தோசை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா, கேட்ட நேரத்துல, சுடச்சுட ஊத்தணும். ராத்திரி 9 மணிக்கு ஊரே வந்து உட்கார்ந்தா அத்தனை கல்லும் வேணும். மதியம் 3 மணிக்கு முக்கால்வாசிக் கல் சும்மா கிடக்கும்.

"சும்மா கிடக்கிறதை வேற நாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கலாமே"ன்னு கேட்பீங்க. அங்கதான் ஒளியோட வேகம் குறுக்க வருது. நாம தூங்குற நேரத்துல அமெரிக்காவுல ஆடுவாங்கதான். ஆனா அவ்வளவு தூரத்து சர்வரை வெச்சு அவங்க ஆட முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்துலயே, உச்ச நேரக் கூட்டத்துக்கு ஏத்த அளவுக்கு மிஷின் வாங்கி வெக்கணும்.

இதுல முதல்ல அடிபட்டது ஆன்லைவ்ங்கிற கிளவுட் கேமிங் கம்பெனி. 2010-ல அமெரிக்காவுல ஆரம்பிச்சாங்க. 720பி படம், ஒரு டேட்டா சென்டர்ல இருந்து சுமார் 1,600 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் சேவை. ஆயிரக்கணக்குல சர்வர் வாங்கிப் போட்டாங்க, ஆனா ஒரே நேரத்துல ஆடினவங்க 1,600 பேரைத் தாண்டலன்னு 2012-ல செய்தி வந்துச்சு. 2015-ல கடையை மூடினாங்க, காப்புரிமைகளை சோனி வாங்கிக்கிச்சு.

அப்புறம் கூகுள். 2019 நவம்பர்ல அவங்களோட கிளவுட் கேமிங் சேவை ஸ்டேடியா வந்துச்சு. ஆளுக்கு 10.7 டெராஃப்ளாப் (கணக்குப் போடுற வேகத்தோட அளவு) ஏஎம்டி கம்பெனி கிராபிக்ஸ் சிப். அந்தக் காலத்து சோனி கன்சோல் பிஎஸ்4 ப்ரோவே 4.2தான்! கன்ட்ரோலரைக்கூட டிவியோட சேர்க்காம, வைஃபை வழியா நேரா சர்வரோட பேச வெச்சாங்க, நடுவுல டிவி வழியா சுத்திப் போற ஒரு படி குறைஞ்சுச்சு. பொறியியலா பார்த்தா அருமையான வேலை. ஆனா கேமை முழு விலை கொடுத்து வாங்கணும், அதுவும் அங்க மட்டும்தான் ஆட முடியும். ஜனங்க வரல. 2023 ஜனவரி 18-ல மூடிட்டாங்க. வாங்கின கேம் காசைத் திருப்பிக் கொடுத்தாங்க, அந்த மட்டும் நல்லது.

[திரை: எக்ஸ்பாக்ஸ், ஜிஃபோர்ஸ் நௌ சின்னங்கள்]

அப்போ இப்ப இருக்கிறவங்க எப்படித் தாக்குப்பிடிக்கிறாங்க? மைக்ரோசாஃப்ட் தன்னோட கன்சோல் சிப்பையே சர்வர்ல வெச்சிருக்கு. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோலோட சிப்பை வடிவமைக்கும்போதே, ஒரே சிப்புல முந்தைய எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் கேம் நாலு ஒரே சமயத்துல ஓடுற மாதிரி யோசிச்சுச் செஞ்சாங்க. கிளவுட் கேமிங்கை அவங்க தனியாவும் விக்கல, கேம் பாஸ்ங்கிற மாசச் சந்தாவோட சேர்த்துக் கொடுக்குறாங்க.

என்விடியாவுக்கு இன்னும் வசதி. கார்டு செய்யறதே அவங்கதான், வெளிய விலை கொடுத்து வாங்க வேண்டியதில்ல. அதோட அவங்க கிளவுட் சேவையான ஜிஃபோர்ஸ் நௌவுல கேமை அவங்க விக்கிறதும் இல்ல, ஸ்டீம் மாதிரி ஆன்லைன் கேம் கடையில நீங்க ஏற்கனவே வாங்கினதையே ஆடலாம். அப்படியிருந்தும் இலவசமா ஆடுறவங்க வரிசையில காத்திருக்கணும், ஒரு மணி நேரத்துல வெளிய போகணும். காசு கட்டினவங்களுக்கே மாசம் 100 மணி நேரம்னு வரம்பு வெச்சிருக்காங்க. கஞ்சத்தனம்னு திட்டுறாங்க பலர். எனக்கு அப்படித் தோணல, கார்டோட விலையைப் பார்த்தா கணக்கு அப்படித்தான் வரும்.

நம்ம செலவையும் ஒரு தடவை பார்த்துருங்க. 10 மெகாபிட் வேகத்துல ஒரு மணி நேரம் ஆடினா 4.5 ஜிபி. 4கேவுக்கு ஸ்டேடியா கேட்ட 35 மெகாபிட்னா கிட்டத்தட்ட 16 ஜிபி. ஒரு நாளைக்கு 2 ஜிபி மொபைல் பேக் வெச்சிருக்கிறவருக்கு, அந்த 10 மெகாபிட்லயே அரை மணி நேரம் தாங்காது. வீட்டு ஃபைபர் இருந்தா மட்டும் இதைப் பத்தி யோசிங்க.

சந்தா கட்டுறதுக்கு முன்னாடி, இலவசத் திட்டம் இருந்தா அதை ராத்திரி 9 மணிக்கு ஆடிப் பாருங்க. மதியம் 3 மணிக்கு ஆடினா எல்லா சர்வீஸும் நல்லாத்தான் தெரியும்.