மண்டிச் சிட்டையும் இணையக் கடையும்

நேயர்களுக்கு வணக்கம்.

என் அப்பா வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போவார். பொழுது சாயும்போது திரும்பி வருவார், சட்டைப்பையில் நீளமாக ஒரு துண்டுக் காகிதம் இருக்கும். அதுதான் மண்டிச் சிட்டை. இத்தனை தார், இன்ன விலை என்று மேலே எழுதியிருக்கும். அதற்குக் கீழே வரிசையாகக் கமிஷன், இறக்குக்கூலி, வண்டி வாடகை, மகமை. கடைசியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே அப்பா கையில் கொடுத்த பணம். அப்பா அந்தச் சிட்டையை மேலிருந்து படித்து நான் பார்த்ததில்லை. கடைசி வரியில் தொடங்கி, ஒவ்வொரு வரியாக மேலே ஏறுவார். "இது எதுக்கு? இது எதுக்கு?" என்று விரலால் தொட்டுக்கொண்டே போவார்.

இன்றைக்கு நான் பேச வந்தது இணையத்தில் கைவினைப் பொருள் விற்பதைப் பற்றி. அப்பாவின் சிட்டையில் ஏன் தொடங்குகிறேன் என்றால், இணையக் கடையில் விற்கிறவர்களுக்கும் அதே சிட்டைதான் வருகிறது. செட்டில்மென்ட் என்று பெயர் மாறியிருக்கிறது, காகிதத்துக்குப் பதில் கைப்பேசியில் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் எங்களோடு ஓலை முடையும் பெண்களில் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. வங்கியிலிருந்து "பணம் வரவு" என்று செய்தி வந்தால் சந்தோஷப்பட்டு, அடுத்த பெட்டியை முடைய உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நாங்கள் செய்வது பனையோலைப் பொருள். கடகம், கொட்டான், மூடிவைத்த பெட்டி, சுளகு. குருத்தோலையை வெட்டி, காயவைத்து, ஈர்க்கு நீக்கி, சாயம் காய்ச்சி அதில் முக்கி எடுத்து, மறுபடி காயவைத்து, அப்புறம்தான் முடையவே தொடங்க முடியும். ஓலை வளையாத பதத்துக்குக் காய்ந்துபோனால் தண்ணீர் தெளித்துத் துணியில் சுற்றி வைக்க வேண்டும். இதெல்லாம் கேட்கிற உங்களில் நிறையப் பேருக்குத் தெரிந்த வேலை. பனையோலை இல்லையென்றால் கோரைப்பாய், பாய் இல்லையென்றால் சுடுமண் நகை, அல்லது குரோஷா. பொருள் எதுவானாலும் நான் சொல்லப்போகும் கணக்கு ஒன்றுதான்.

2022 தை மாதம் எங்கள் முதல் இணைய விற்பனை. பெரிய கடகம் ஒன்று, விலை 600 ரூபாய். எங்கள் அடக்கவிலையைச் சொல்கிறேன். ஓலையும் சாயமும் 90 ரூபாய், முடைந்த கூலி 200, அட்டைப்பெட்டி, டேப்பு, நூல் எல்லாம் சேர்த்து 50. ஆக 340. அனுப்பும் செலவு இலவசம் என்று போட்டால்தான் வாங்குவார்கள் என்று எல்லோரும் சொன்னார்கள், அப்படியே போட்டேன். கமிஷன் 12 சதவீதம், அது முன்பே தெரியும். 600-க்கு 72 ரூபாய். கூரியருக்கு ஒரு 80 ரூபாய் பிடிப்பார்கள் என்று நினைத்தேன். அப்படிப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு மேல் நிற்க வேண்டும்.

வந்தது 232 ரூபாய்.

கடகத்தை முடைந்த பெரியம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "ஏட்டி, அறுநூறுக்கு வித்த பெட்டிக்கு இருநூத்தி முப்பத்திரெண்டா? மிச்சம் எங்கட்டி போச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி அப்பா மாதிரி கடைசி வரியிலிருந்து மேலே ஏறினேன்.

கமிஷன் 72. ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையான கட்டணம் என்று ஒரு 25. அனுப்பும் செலவு 80 இல்லை, 210. இந்த மூன்றையும் கூட்டினால் 307. அது அவர்கள் நமக்குச் செய்த சேவை, அதனால் அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 55 ரூபாய் சில்லறை. அப்புறம் டிசிஎஸ் என்ற வரிப்பிடித்தம், அப்போது 1 சதவீதம், 6 ரூபாய். எல்லாம் சேர்த்து 368. அறுநூறில் கழித்துப் பாருங்கள், 232 சரியாக வரும். யாரும் திருடவில்லை. நாங்கள் விலை வைக்கத் தெரியாமல் வைத்திருந்தோம்.

இதில் எனக்குப் பிடிபடாமல் இருந்தது அந்த 210. கடகத்தின் எடை அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அரைக்கிலோவுக்கு 210 ரூபாயா? விசாரித்தபோதுதான் வால்யூம் வெயிட் என்ற சங்கதி தெரிந்தது. கூரியர் வண்டியில் எடைக்கு மட்டும் வாடகை இல்லை, இடத்துக்கும் வாடகை உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000-ஆல் வகுக்கிறார்கள். எங்கள் அட்டைப்பெட்டி 30-க்கு 30, உயரம் 25. பெருக்கினால் 22,500. ஐயாயிரத்தால் வகுத்தால் நாலரை. அரைக்கிலோக் கடகம் அவர்கள் கணக்கில் நாலரைக் கிலோ. எடை, வால்யூம் வெயிட் இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு.

கடகத்துக்குள் என்ன இருக்கிறது? காற்று. காற்றுக்குத்தான் கூலி கொடுத்திருக்கிறோம். இதைச் சொன்னதும் பெரியம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. எழுந்து உள்ளே போய்ச் சின்னக் கொட்டான் ஒன்றைக் கொண்டுவந்தார், நடுத்தரப் பெட்டி ஒன்றுக்குள் வைத்தார், அதைக் கடகத்துக்குள் வைத்தார். "சந்தைக்குக் கொண்டுபோகும்போது இப்படித்தானட்டி அடுக்குவோம்" என்றார்.

அப்படித்தான் எங்கள் மூன்றுபெட்டி அடுக்கு பிறந்தது. அதே அட்டைப்பெட்டி, அதே நாலரைக் கிலோ, அதே 210 ரூபாய். விலை 1500 வைத்தோம். கமிஷன் 180, நிலையான கட்டணம் 25, கூரியர் 210, கூட்டினால் 415. அதற்கு ஜிஎஸ்டி 75 ரூபாய், டிசிஎஸ் 15. கைக்கு வந்தது 995. மூன்று பெட்டிக்கும் சேர்த்து எங்கள் அடக்கம் 720. ஆக 275 ரூபாய் நின்றது. ஒற்றைக் கடகத்தில் 108 ரூபாய் கைநஷ்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முடைகிற கை மாறவில்லை, ஓலை மாறவில்லை. பொருளை எப்படி அடுக்கினோம் என்பதுதான் மாறியது. அதனால்தான் சொல்கிறேன், புதிதாக ஒரு பொருளை யோசிக்கும்போதே அது எந்த அட்டைப்பெட்டிக்குள் போகும் என்றும் யோசித்துவிடுங்கள்.

சரி, இப்போது நான் எங்கே போனாலும் சொல்லும் ஒரு விஷயம். என் வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடம். வானொலியில் கரும்பலகை கிடையாது, அதனால் மெதுவாகச் சொல்கிறேன்.

நாம் லாபத்தை அடக்கவிலையின் மேல் ஏற்றுகிறோம். அவர்கள் கட்டணத்தை விற்பனை விலையிலிருந்து பிடிக்கிறார்கள். நாம் கீழிருந்து ஏற்றுகிறோம், அவர்கள் மேலிருந்து பிடிக்கிறார்கள். இரண்டும் ஒரே சதவீதமாக இருந்தாலும் ஒரே தொகை ஆகாது.

ஒரு பொருள் 300 ரூபாய் அடக்கம் என்று வையுங்கள். பிடித்தம் எல்லாம் சேர்த்து 20 சதவீதம். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? முந்நூறுக்கு 20 சதவீதம் 60, ஆகவே 360 என்று விலை போடுகிறார்கள். அவர்கள் பிடிப்பது முந்நூறுக்கு இல்லை, 360-க்கு. 72 ரூபாய் போய்விடும். கையில் 288. அடக்கமே வரவில்லை, பாருங்கள்.

சதவீதக் கணக்கு வராதவர்களுக்குப் பெரியம்மா ஒரு வழி சொன்னார், அதைவிட நல்ல வழி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. 20 சதவீதம் என்றால் அஞ்சில் ஒன்று. அஞ்சு பெட்டி விற்றால் ஒரு பெட்டிக் காசு கடைக்காரனுக்கு. மீதி நாலு பெட்டிக் காசில்தான் அஞ்சு பெட்டிக்கும் கூலி கொடுக்க வேண்டும். அஞ்சு பெட்டி அடக்கம் 1500, அதை நாலால் வகுத்தால் 375. அதுதான் விலை. 375-ல் 20 சதவீதம் 75, மீதி சரியாக 300. இதிலும் லாபம் இல்லை, அடக்கம் மட்டும்தான். லாபம் வேண்டுமென்றால் முந்நூறோடு முதலில் அதைச் சேர்த்துக்கொண்டு அப்புறம் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

அவர்கள் அஞ்சில் ஒன்று பிடித்தால் நாம் நாலில் ஒன்று ஏற்ற வேண்டும். நாலில் ஒன்று பிடித்தால் மூன்றில் ஒன்று. மறுபடி சொல்கிறேன், நாலில் ஒன்று பிடித்தால் மூன்றில் ஒன்று ஏற்ற வேண்டும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. 12 சதவீதம் கமிஷன் என்று சொன்னால் அது 12 இல்லை. அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 14.16 ஆகிறது. விளம்பரத்தில் 12 என்றுதான் இருக்கும்.

வெளிநாட்டுக்கு விற்கிறவர்களுக்கும் இதே கதைதான், எழுத்து மட்டும் டாலரில் இருக்கும். எட்சி என்ற தளம் பலருக்குத் தெரிந்திருக்கும். 2005-இல் நியூயார்க் புரூக்ளினில் தொடங்கியது, கைவினைப் பொருளுக்கென்றே வந்த கடை. அங்கே ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்ற 20 சென்ட். நாலு மாதத்துக்குத்தான் அது செல்லும், அப்புறம் மறுபடி 20 சென்ட். ஐம்பது பொருள் ஏற்றினால், ஒன்றுகூட விற்காவிட்டாலும் வருஷத்துக்கு மூன்று தடவை, 30 டாலர். விற்றால் 6.5 சதவீதம். இந்த 6.5 பொருளின் விலைக்கு மட்டும் இல்லை, வாங்குபவர் கொடுக்கும் அனுப்பும் செலவுக்கும் சேர்த்து. நம் ஊரிலிருந்து போகும் பார்சலுக்கு அனுப்பும் செலவு சில நேரம் பொருளின் விலையை எட்டிவிடும். 20 டாலர் பெட்டி, 15 டாலர் அனுப்பும் செலவு என்றால், 35 டாலருக்குப் பிடிப்பார்கள். பணம் வாங்கித்தரும் கட்டணம் அதற்கு மேல் தனி.

எட்சியில் கவனிக்க வேண்டியது வெளி விளம்பரம். அவர்களே கூகுள் போன்ற இடங்களில் நம் பொருளுக்கு விளம்பரம் கொடுப்பார்கள். அதைத் தொட்டு உள்ளே வந்தவர் 30 நாளுக்குள் நம் கடையில் வாங்கினால் 15 சதவீதம் பிடிப்பார்கள். 35 டாலரில் அது மட்டும் ஐந்தேகால் டாலர். வருஷத்துக்கு 10,000 டாலருக்குக் கீழே விற்கும் சின்னக் கடைகள் இதை வேண்டாம் என்று நிறுத்திவிடலாம். அமைப்புப் பக்கத்தில் ஒரு பொத்தான்தான். பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டால் 12 சதவீதமாகக் குறையும், ஆனால் அதன்பிறகு நிறுத்த முடியாது.

அங்கே இந்த விற்பனைக் கட்டணம் முதலில் 3.5 சதவீதமாக இருந்தது. 2018-இல் 5 ஆனது, 2022 ஏப்ரலில் 6.5. அந்த வாரம் ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் கடையை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒன்றரை சதவீதத்துக்கா இவ்வளவு என்று சிலர் கேட்டார்கள். 5 ரூபாய் கொடுத்த இடத்தில் 6.50 கொடுப்பது ஒன்றரை சதவீத உயர்வு இல்லை, முப்பது சதவீத உயர்வு. ஊசியும் நூலும் வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. என் மனசு அவர்கள் பக்கம்தான் இருந்தது, இன்றும் அப்படித்தான்.

வரியைப் பற்றி ஒரு நல்ல செய்தி. சிட்டையில் பிடித்ததெல்லாம் தொலைந்துபோன பணம் இல்லை. கமிஷன் போனால் போனதுதான். ஆனால் டிசிஎஸ் உங்கள் ஜிஎஸ்டி கணக்கில் வரவாகிறது, கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 2024 ஜூலையில் அதையும் 0.5 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். கமிஷன் மேல் கட்டிய ஜிஎஸ்டியை, பெட்டிக்கு நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியோடு நேர்செய்துகொள்ளலாம். அந்த 55 ரூபாயை நான் முதலில் கணக்கில் எடுக்கவே இல்லை, பல மாதம் விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். வருமானவரிப் பிடித்தம், அதாவது டிடிஎஸ், தனியாக உண்டு. 2024 அக்டோபரிலிருந்து அது 0.1 சதவீதம். தனிநபராக ஒரு தளத்தில் வருஷத்துக்கு 5 லட்சத்துக்கு மேல் விற்காதவர்களுக்கு அதுவும் கிடையாது, பான் எண்ணோ ஆதாரோ கொடுத்திருக்க வேண்டும்.

ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்ன விற்பனையாளர்களும் 2023 அக்டோபர் முதல், தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் என்றால், தளங்களில் விற்கலாம். ஜிஎஸ்டி பதிவுக்குப் பதில் பான் எண் வைத்து என்ரோல்மென்ட் எண் ஒன்று வாங்கினால் போதும், விற்பனை ஜிஎஸ்டி பதிவுக்கான உச்சவரம்புக்குள் இருக்க வேண்டும். வெளிமாநிலம் என்றால் இந்தச் சலுகை இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. திரும்பிவரும் பார்சல்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்து வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருள் கைக்கு வந்ததும் பணம் தரும் ஆர்டரில், வாங்குபவர் கதவைத் திறக்காவிட்டால் பெட்டி திரும்பி வரும். தளத்தின் விதியைப் பொறுத்துப் போன கூலி, வந்த கூலி இரண்டும் உங்கள் தலையில் விழலாம். நசுங்கிய ஓலைப்பெட்டியை மறுபடி விற்க முடியாது. எங்களுக்கு இருபது ஆர்டரில் மூன்று அப்படி வந்த மாதம் உண்டு. அனுப்புவதற்கு முந்தின நாள் தளத்தின் வழியாகவே ஒரு செய்தி அனுப்பி, வீட்டில் இருப்பார்களா என்று கேட்டுவிடுங்கள். பாதி திரும்பல் அதிலேயே நின்றுவிட்டது, எங்களுக்கு.

வாட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு நேராக விற்றால் கமிஷன் இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு வணிகரிடம் பிடிக்கும் எம்டிஆர் என்ற கட்டணம் 2020 ஜனவரி முதல் கிடையாது. ஆனால் கூரியருக்கு நாலரைக் கிலோ அங்கேயும் நாலரைக் கிலோதான்.

இன்று ராத்திரி கைப்பேசியை எடுத்து, கடைசியாக வந்த செட்டில்மென்ட் ஒன்றைத் திறங்கள். கடைசி வரியிலிருந்து மேலே ஏறுங்கள். புரியாத வரி இருந்தால் அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதி, தளத்தின் உதவிப் பகுதியில் அந்த வரியை மட்டும் கேளுங்கள். நேரம் முடிந்துவிட்டது. பெரியம்மாவும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார், மூன்றுபெட்டி அடுக்குக்கு ஆர்டர் நாலு நிற்கிறது பெரியம்மா, சாயம் போட்ட ஓலை போதுமா என்று பார்த்துவையுங்கள், வந்துகொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.