ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நம் நூலகம் வரை

(கிளை நூலக வாசகர் வட்டத்தின் மகளிர் நாள் கூட்டத்தில் பேசியது)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, வாசகர் வட்டச் செயலாளர் ஐயா அவர்களே, எதிரே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மாணவிகளே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் கொடுக்கும் வழக்கத்தை இந்த வட்டம் பல ஆண்டுகளாக விடாமல் காப்பாற்றி வருகிறது. அதற்கு முதல் நன்றி. இந்த அறைக்கு மின்விசிறிகள் வாங்கித் தந்தவர் நகர்மன்றத் தலைவர். மார்ச் மாத வெயிலில் நாம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறோம் என்றால் அது அவரால்தான். நூலகர் அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கூட்டம் அதிலேயே முடிந்துவிடும். அவர் கேட்டால் தட்ட முடியாது, வந்துவிட்டேன்.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். பெலோனோமி மொய்லோவா என்ற பெண்மணியைப் பற்றி. செயற்கை நுண்ணறிவு மொழியை எப்படிக் கற்கிறது என்பது பற்றி. நம் பேச்சின் பதிவு யார் கையில் இருக்க வேண்டும் என்பது பற்றி.

மொய்லோவா தென்னாப்பிரிக்காக்காரர். பொறியியல் படித்தவர். 2022-இல் ஜேட் அபட் என்ற இன்னொரு பெண்மணியோடும் சில பேராசிரியர்களோடும் சேர்ந்து ஜோகன்னஸ்பர்க்கில் லெலாபா ஏஐ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஆப்பிரிக்க மொழிகளுக்கான கருவிகளை ஆப்பிரிக்கர்களே செய்வது என்பது நோக்கம். அடுத்த ஆண்டே டைம் இதழ் செயற்கை நுண்ணறிவுத் துறையின் 100 பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது. விருது, பட்டியல் எல்லாம் எனக்குப் பெரிதில்லை. அவர் செய்த வேலைதான் பெரிது. நம் பெரியவர்கள் சொன்னார்களே, தன் கையே தனக்கு உதவி என்று. அதை ஒரு தொழிலாகவே செய்து காட்டியவர் அவர்.

அந்த நாட்டில் மொழி என்றால் சாதாரண விஷயம் இல்லை. 1976 ஜூன் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் தெருவில் இறங்கினார்கள். வெள்ளை ஆட்சியாளர்களின் ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பாடம் படிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. குழந்தைகள் செத்தார்கள். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று அங்கே 12 ஆட்சிமொழிகள். பன்னிரண்டாவதாக 2023-இல் சேர்ந்தது சைகை மொழி. இன்னொன்றும் சொல்கிறேன், பெருமையாகவே சொல்கிறேன். அவர்கள் 1996-இல் எழுதிய அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, போற்றி வளர்க்க வேண்டிய சமூக மொழிகளின் வரிசையில் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்குக் கரும்பு வெட்டப் போன நம் சனங்கள் அங்கே விட்ட வேர் அது.

சரி, கருவிக்கு வருவோம். லெலாபா 2023-இல் வுலாவுலா என்ற சேவையை வெளியிட்டது. ஜூலு, செசோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், தென்னாப்பிரிக்க ஆங்கிலம் பேசுவதைக் கேட்டு எழுத்தாக்கும். அங்கே மக்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று மொழிகளைக் கலந்துதான் பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு ஏற்ற கருவி வேண்டும் என்பதுதான் அவர்கள் எண்ணம். மக்கள் பேச்சைத் திருத்தாமல் இயந்திரத்தைத் திருத்துவது! எனக்கு இது மிகவும் பிடித்த விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியம்மா திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். பெரியப்பா தவறிய பிறகு, அவர் பெயரில் இருந்த ஒரு பாலிசிப் பணம் வரவில்லை. அலுவலகத்துக்குப் போனால் "ஃபோன் பண்ணுங்கம்மா, இப்போ எல்லாம் ஃபோனிலேயே" என்று அனுப்பிவிட்டார்கள். பேரன் எண்ணைப் போட்டுக் கொடுத்தான். பெரியம்மா முகம் கழுவி, புடவையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஃபோனை வாங்கினார். பெரிய இடத்தில் பேசப் போகிறார் அல்லவா? அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், நல்ல தமிழில், "உங்கள் கோரிக்கையைச் சொல்லுங்கள்" என்றது. பெரியம்மா சொன்னார்: "எங்க வீட்டுக்காரவுக போய்ச் சேந்துட்டாவ தாயி. அவுக பேர்ல உள்ள பணம் இன்னும் வரல." குரல் சொன்னது: "மன்னிக்கவும், புரியவில்லை. மீண்டும் சொல்லுங்கள்." பாவம், காது கேட்காத பிள்ளை போல என்று நினைத்து, பெரியம்மா சத்தமாகச் சொன்னார். மறுபடியும் மன்னிக்கவும். மறுபடியும் சொன்னார். ஊரே கேட்கும்படி, தன் கணவர் போய்விட்டார் என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. பேரன் பொறுக்க முடியாமல், "ஆச்சி, இறந்துவிட்டார்னு சொல்லுங்க, அதுக்குப் புரியும்" என்றான். பெரியம்மா ஃபோனைக் கீழே வைத்துவிட்டார். "அவுகள அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராதுல" என்றார்.

அந்த நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆனால் அந்த இயந்திரத்துக்குத் திருநெல்வேலிப் பேச்சை யார் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும்? நாம்தான். தன் கையே தனக்கு உதவி.

இயந்திரம் கேட்டதைத்தான் கற்கும். செய்தி வாசிப்பவர் தமிழை மட்டும் ஊட்டினால் அதை மட்டும்தான் அறியும். கொங்குப் பேச்சு, நாஞ்சில் பேச்சு, கடற்கரைப் பேச்சு எல்லாம் அதற்கு வெறும் சத்தம். பெரிய கணினி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். 2020-இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரிக்கு (எழுத்தைப் படித்துப் படித்து மொழியைக் கற்ற நிரல் அது) 17,500 கோடி அளவுருக்கள், அதாவது கற்கும்போது மாறி மாறித் தன்னைச் சரிசெய்துகொள்ளும் எண்கள். லெலாபா 2024-இல் வெளியிட்ட இன்குபா மாதிரிக்கு வெறும் 40 கோடி. ஸ்வாஹிலி, ஹௌசா, யொருபா, ஜூலு, கோசா என ஐந்து மொழிகளுக்கு அது போதும் என்று துணிந்தார்கள். சாணி வண்டின் பெயரை அதற்கு வைத்தார்கள், சின்ன உடம்பு பெரிய பாரத்தை உருட்டும் என்பதால். பணமும் மின்சாரமும் குறைவாக உள்ள நமக்கு இதுதான் வழி என்பது என் உறுதியான கருத்து.

இப்போது என் நெஞ்சில் கிடக்கும் விஷயம். இயந்திரம் கற்பதற்காக நாம் பதிந்து கொடுக்கும் குரல் யாருக்குச் சொந்தம்? லெலாபாக்காரர்கள் கோசா மொழிப் பேச்சுத் தொகுப்பு ஒன்றை 2025-இல் 'எசெத்து' என்ற உரிம முறையோடு வெளியிட்டார்கள். ஆப்பிரிக்கர்களுக்கு முன்னுரிமை. வெளியார் வணிகத்துக்கு எடுத்தால் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணம் மேலும் தொகுப்புகள் செய்யத் திரும்பி வரும். நம் ஊரிலும் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு பேச்சுகளைத் திரட்டுகிறது, மத்திய அரசின் பாஷிணித் திட்டம் திரட்டுகிறது. நல்ல வேலைகள். ஆனால் நம் வட்டாரப் பேச்சை நம் வட்டாரமே பதிந்து, யாருக்கு எந்த நிபந்தனையில் கொடுப்பது என்று நாமே முடிவு செய்ய வேண்டும். அதற்கு நூலகத்தைவிட நல்ல இடம் எது?

மாவட்ட நூலக அலுவலர் அம்மா அவர்களே, உங்களிடம் நேராகவே கேட்கிறேன். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஓர் ஒலிப்பதிவு மூலை வேண்டும். ஒரு மைக், ஒரு கணினி, சத்தம் புகாத ஒரு சிறிய அறை. பாட்டிகள் வந்து நாற்று நட்டதை, மீன் விற்றதை, பிள்ளை பெற்றதைப் பேசட்டும். பேசுகிறவருக்கு ஒப்புதல் தாளை வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வந்து போகிற கூலி கொடுங்கள். தன் பதிவை அழிக்கச் சொன்னால் அழிக்கும் உரிமையும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். நகர்மன்றத் தலைவர் மின்விசிறி தந்த கையால் அந்த மைக்கையும் தருவார் என்று நம்புகிறேன்.

கோரிக்கை மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள் உங்கள் ஊர்ப் பெயரையும் பக்கத்தில் எழுதுங்கள், எந்தப் பேச்சை முதலில் பதிவது என்று முடிவு செய்ய அது உதவும். கல்லூரி மாணவிகள் பதிவு செய்யவும் எழுத்தாக்கவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அவர்களிடம் உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள். வீட்டில் நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அதையும் சொல்லுங்கள், நாங்களே வீட்டுக்கு வருகிறோம். நன்றி, வணக்கம்.