மெனு கார்டைப் படித்து ஏப்பம் விடுகிறவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, கடைசி வரிசையில் பஜ்ஜிப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருக்கும் உண்மையான ரசிகர்களே, வணக்கம். வணக்கத்துக்கு இது போதும், எனக்குக் கொடுத்த பத்து நிமிடத்தில் ஒன்று ஏற்கெனவே மைக்கைச் சரிசெய்வதில் போய்விட்டது.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இயன் ஃப்ளெமிங் எழுதி 1953 ஏப்ரலில் வெளிவந்த முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவல் ‘கேசினோ ராயல்’, வாசகரைக் கட்டிப்போட்டது கதையாலா, பகட்டாலா? நான் பகட்டு அணி. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது இது. கதை அணி விழுந்திருந்தால் அதற்கும் இதே சத்தத்தில்தான் பேசியிருப்பேன். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தால், அட, நான் பிறந்து வளர்ந்ததே இந்த அணியில்தானே என்று தோன்றியது. அது அப்புறம்.

படிக்காதவர்களுக்காகக் கதையை ஒரு மூச்சில் சொல்கிறேன். லெ ஷிஃப்ர் என்று ஒருவன், பிரான்சில் சோவியத்துக்கு வேலை பார்க்கிறவன், நம்பிக் கொடுத்த பணத்தைச் சொந்தத் தொழிலில் போட்டுத் தொலைத்துவிடுகிறான். மேலிடத்துக்குத் தெரிந்தால் தலை இருக்காது, அதனால் கடற்கரையூர்ச் சூதாட்ட விடுதி ஒன்றில் சீட்டாடி மீட்கப் பார்க்கிறான். மீட்க விடாமல் செய்ய லண்டனிலிருந்து பாண்ட் வருகிறார். உதவிக்கு வெஸ்பர் லிண்ட் என்று ஒரு பெண். நடுவில் பாண்ட் கையில் இருந்ததெல்லாம் போய் முழிக்கும்போது, அமெரிக்க உளவுத்துறைக்காரர் ஒருவர் உறையில் 3 கோடியே 20 லட்சம் பிராங்க் கொடுத்தனுப்புகிறார். எதிரணி ‘கதை, கதை’ என்று கொண்டாடுவது இதைத்தான். சீட்டில் தோற்றவனுக்குக் கைமாற்று கிடைத்தது. இந்தக் கதை எங்கள் தெருவில் தீபாவளிக்குத் தீபாவளி நடக்கும், 3 கோடி மட்டும் இருக்காது.

சரி, நான் இதைப் படித்த விதத்தைச் சொல்கிறேன். கல்லூரி முதலாண்டு. எங்கள் ஊரில் ஒரு லெண்டிங் லைப்ரரி, நாளுக்கு 50 பைசா வாடகை. காக்கி அட்டை போட்ட ஆங்கிலப் புத்தகம். வீட்டுக்கு வந்து பிரித்தால் முதல் பக்கத்தில், நாவலின் பெயருக்கு நேர் கீழே, நீல மையில், கொட்டை எழுத்தில், தமிழில் யாரோ எழுதியிருக்கிறார்: “வெஸ்பரை நம்பாதே.”

எனக்கு வெஸ்பர் யாரென்றே தெரியாது. யாரோ காதலில் அடிபட்டவர் போலிருக்கிறது, பாவம், நம் கல்லூரியாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தேன். படித்துக்கொண்டே போகிறேன். வருகிறாள் ஐயா வெஸ்பர்! எனக்குப் பக்கென்றது. பாண்டுக்குத் தெரியாது, லண்டன் உளவுத்துறைக்குத் தெரியாது, 50 பைசா கொடுத்த எனக்குத் தெரியும். கறுப்பு வெல்வெட் கவுனில் அவள் விருந்துக்கு இறங்கி வருகிறாள். பாண்ட் மயங்குகிறார். என் காதில் என்ன கேட்கிறது? நீங்களே சொல்லுங்கள்... ஆ, நம்பாதே! பாண்ட் புதிதாக ஒரு பானம் கலக்கச் சொல்லி அதற்கு அவள் பெயரையே வைக்கிறார். நம்பாதே! அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது பார்க்க வருகிறாள். பின்வரிசை பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். நம்பாதே! எதிரணி அக்கா இப்போது சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிக்கிறார்... வேண்டாம், அதை நான் சொல்லவில்லை, சொன்னது நீங்கள்.

இன்னும் முடியவில்லை. நீல மைக்குக் கீழே பென்சிலில் இன்னொருவர்: “பாவி, 27 அத்தியாயத்தையும் கெடுத்துவிட்டாயே.” அதற்கும் கீழே சிவப்பு மையில் மூன்றாமவர்: “இதை எழுதினவனையும் நம்பாதே.” இந்த மூன்று பேரையும் விட்டிருந்தால் மூன்று வாரத்தில் லண்டன் உளவுத்துறையை எடுத்து நடத்தியிருப்பார்கள். சிவப்பு மைக்காரர் புண்ணியத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, சரி, அவள் நல்லவளாகக்கூட இருக்கலாம் என்று பாதிப் புத்தகம் வரை ஓட்டினேன். பானம் கலக்கும் பக்கத்துக்கு வந்தால், மூன்று பங்கு ஜின், ஒரு பங்கு வோட்கா, அரைப் பங்கு கினா லில்லே என்ற ஒயின் என்று செய்முறை போட்டிருக்கிற இடத்தில், ஓரத்தில் ஒருவர் “இது எங்கே கிடைக்கும்?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே பதில்: “உனக்குக் கிடைக்காது.”

சிரிப்பு இருக்கட்டும், என் வாதம் இங்கேதான் இருக்கிறது. முடிவு முதல் பக்கத்திலேயே போய்விட்டது. கதைதான் இழுக்கிறது என்றால் அன்றைக்கு ராத்திரியே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டுமே? விடிய இரண்டு மணி வரை படித்தேன். எதை? விடியற்காலை மூன்று மணிக்குச் சூதாட்ட விடுதியில் வாசனையும் புகையும் வியர்வையும் கலந்தால் என்ன வாடை அடிக்கும் என்பதை. நாவல் தொடங்குவதே அதில்தான். அவர்கள் ஆடுகிற பக்காரா என்ற சீட்டாட்டத்தில் ராஜா, ராணி, பத்து எல்லாம் வெறும் சைபர், ஒன்பதுதான் உச்சம் என்பதை. கடைசி ஆட்டத்தில் பாண்ட் கையில் இரண்டு ராணிகள், அதாவது இரண்டு சைபர். மூன்றாவதாக வருகிறது ஹார்ட்டின் ஒன்பது. அந்தச் சீட்டைப் புரட்டும் இடத்தில் வெஸ்பர் நல்லவளா கெட்டவளா என்பது யாருக்கு ஞாபகம் இருக்கும்?

என்னை விடுங்கள். 1956இல் கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற வாசகர் ஃப்ளெமிங்குக்குக் கடிதம் போட்டார். சதி நன்றாக இருக்கிறது, திருப்பம் சரியில்லை என்றா எழுதினார்? உங்கள் ஆளின் .25 பெரெட்டா பெண்களுக்கான துப்பாக்கி ஐயா, அதை மாற்றுங்கள் என்று எழுதினார்! ஃப்ளெமிங் கோபப்படவில்லை. 1958இல் வந்த ‘டாக்டர் நோ’வில் பெரெட்டாவைப் பிடுங்கிவிட்டு வால்தர் பிபிகேயைக் கொடுத்தார், அதைக் கொடுக்கிற ஆயுத நிபுணருக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயரும் வைத்தார். வாசகர் கருத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த எழுத்தாளரை நான் பார்த்ததில்லை. நான் பத்திரிகைக்கு எழுதின கடிதங்கள் எல்லாம் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன.

இப்போது அக்கா சொன்னதற்கு வருகிறேன். “பகட்டுக்காக நாவல் படிக்கிறவர், மெனு கார்டைப் படித்துவிட்டு ஏப்பம் விடுகிறவர்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நல்ல வரி. இன்னும் மூன்று குறிப்பு எழுதி வைத்திருந்தேன், அதையெல்லாம் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

அக்கா, அந்தப் புத்தகம் வந்தபோது பிரிட்டனில் யார் யார் மெனு கார்டைப் படித்து ஏப்பம் விட்டார்கள் தெரியுமா? போர் முடிந்து எட்டு வருடம் ஆகியும் அங்கே ரேஷன் கார்டு. மிட்டாய்க்கு ரேஷன் போனதே 1953 பிப்ரவரியில். புத்தகம் ஏப்ரலில். சர்க்கரைக்கு செப்டம்பர் வரை ரேஷன், இறைச்சிக்கு 1954 ஜூலை வரை ரேஷன். வெளிநாடு போகிறவர் எடுத்துப் போகிற பணத்துக்கும் உச்சவரம்பு, ஃப்ளெமிங் இதை எழுதிய 1952இல் அது ஆளுக்கு 25 பவுண்டு வரை இறங்கியிருந்தது. அந்த ஜனங்கள் நடுவில் ஒருவன் பிரான்சில் உட்கார்ந்து, பேர்னேஸ் சாஸோடு அரைவேக்காட்டு மாட்டிறைச்சித் துண்டு கொண்டு வா, கடைசியில் அரை அவகாடோ கொண்டு வா என்கிறான். கார்டை எடுத்துக்கொண்டு கசாப்புக் கடை வரிசையில் நின்ற ஆள் இதைப் படித்தால் ஏப்பம் வராமல் என்ன வரும்? முதல் பதிப்பு 4,728 பிரதி, ஒரு மாதத்துக்குள் தீர்ந்தது. நம் வீட்டிலும் மண்ணெண்ணெய்க்கும் பாமாயிலுக்கும் வரிசையில் நின்றவர்கள்தானே எல்லாரும்? பசித்தவன் மெனு கார்டைப் படிப்பதைப் பார்த்துச் சிரிக்கலாமா அக்கா?

அதிலும் மெனு கார்டு என்று என்னிடம் சொல்லலாமா?

எங்கள் அப்பா சப்ளையர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு சைவ ஹோட்டலில் 31 வருடம். அந்தக் கடையில் மெனு கார்டே கிடையாது. எங்கள் அப்பாதான் மெனு கார்டு. தோளில் துண்டு, மேஜையில் ஒரு கை, “இட்லி வடை பொங்கல் பூரி சாதா ரோஸ்ட் மசால் ரவா ஆனியன்ரவா ஊத்தப்பம்”, நடுவில் மூச்சு விடமாட்டார். ராத்திரி பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்து, மோர்ச்சோறு சாப்பிட்டுவிட்டு, உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்காருவார். நான் எதிரே அகராதியும் கையுமாக ‘கேசினோ ராயல்’ படிக்கிறேன்.

“என்னடா கதை?” என்றார். சொன்னேன். சோவியத்து, உளவு, சதி எல்லாம் சொன்னேன். கொட்டாவி விட்டார். நடுவர் அவர்களே, கதை அணிக்கு அன்றைக்கே எங்கள் வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது. அப்புறம் நான் அந்த விருந்தைப் படித்தேன். பாண்ட் வெஸ்பரிடம் சொல்கிறார்: மீன்முட்டை வேண்டிய அளவு கிடைத்துவிடும், அதோடு சாப்பிடப் போதுமான டோஸ்ட் கிடைப்பதுதான் எப்போதும் கஷ்டம். அப்பா தண்ணீரிலிருந்து காலை எடுத்துவிட்டார். “பாரு! நம்ம கடையில தோசை இருக்கும், சட்னி பத்தாது. அங்க ரொட்டி பத்தல. அவன் சாப்பிடத் தெரிஞ்சவன்டா.”

அடுத்தது ஷாம்பெயின். பாண்ட் டெத்தாஞ்சே என்ற கம்பெனியின் ஒரு குறிப்பிட்ட வருடத்துச் சரக்கைக் கேட்கிறார். மதுவைப் பரிமாறுகிற ஆள், ஐயா அதைவிட எங்களிடம் 1943இன் பிளாங் த பிளாங் என்ற வகை இருக்கிறது, ரொம்ப நன்றாக இருக்கும் என்கிறார். பாண்ட் சரி, அதையே கொண்டு வா என்கிறார். நாவலில் நாலைந்து வரி. நான் படித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். அப்பா, “நில்லு, நில்லு, சர்வர் சொன்னதைக் கேட்டானா?” என்றார். ஆமாப்பா என்றேன். “திருப்பிப் படி” என்றார். திருப்பிப் படித்தேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “இன்னிக்கு ரவா நல்லா வந்திருக்கு சார்னு சொல்வேன். நீ போயி ரோஸ்ட் கொண்டாம்பாங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூட மாத்தினதில்ல.”

அதற்கப்புறம் தினமும் ராத்திரி வந்ததும், “இன்னிக்கு என்ன சாப்பிட்டான்?” என்றுதான் கேட்பார். வில்லன் யார், எத்தனை பேர் செத்தார்கள், அதெல்லாம் கேட்கவே மாட்டார். கடைசி அத்தியாயம், வெஸ்பர் தூக்க மாத்திரை போட்டுச் செத்துக் கிடக்கிறாள், அவள் இரண்டு பக்கத்துக்கும் வேலை பார்த்தவள் என்று கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறாள் என்று நான் குரல் கம்மப் படிக்கிறேன். அப்பா, “அன்னிக்கு ராத்திரி அந்தப் பொண்ணு எதாவது சாப்பிட்டுச்சாடா?” என்றார். நீல மைக்காரருக்கு, எதிரணிக்கு, எனக்கு, எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது, ஒரே நிமிடம். போன வருடம் அவருடைய பிறந்தநாளுக்கு ஒரு பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். ஏசி, துணி விரித்த மேஜை, தோல் அட்டை போட்ட மெனு கார்டு. அப்பா அதைத் திறக்கவே இல்லை. நான் சூப் சொன்னேன். இருபது வயசுப் பையன் ஒருவன், வேலைக்குப் புதுசு போல, தயங்கித் தயங்கி, “சார், பட்டர் ஃப்ரூட் சாலட் இன்னைக்கு நல்லா இருக்கு” என்றான். அவகாடோதான். வேண்டாம்ப்பா, சூப்பே கொண்டு வா என்று நான் வாயைத் திறந்துவிட்டேன். அப்பா என் கையை மேஜையோடு அழுத்தினார். “தம்பி சொல்றதையே கொண்டு வரட்டும்.”

வந்தது. ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கை நான் பார்த்தேன். முழுங்கினார். இன்னொரு வாய். தட்டைக் காலி செய்தார் நடுவர் அவர்களே. அந்தப் பையன் வந்து எப்படி இருக்கு சார் என்று கேட்டதும், “ரொம்ப நல்லா இருந்துச்சு தம்பி, நீ சொன்னது சரி” என்றார். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவன் நாலு மேஜை தாண்டிப் போகிற வரைக்கும் காத்திருந்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

“டேய், இதுக்குச் சட்னி எங்கடா?”

நன்றி, வணக்கம்.