தேர்தல் களத்தில் நம்பிக்கையை எதன்மேல் வைப்பது

அவைத்தலைவர் அவர்களுக்கும், ஊதியம் எதிர்பாராமல் தேர்தல் பணியில் உழைத்து வரும் தோழர்களுக்கும் வணக்கம்.

களப்பணியில் நம்பிக்கை தளராமல் இருப்பது எப்படி என்ற பொருளில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட தலைப்பு கிடைத்தால் பேச்சாளர்கள் வழக்கமாகச் செய்வது, கேட்பவர்களின் உணர்ச்சியைக் கிளப்பிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவது. அந்த உற்சாகம் மறுநாள் மூன்றாவது தெருவைக் கடப்பதற்குள் வடிந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு கருத்தை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். தன்னார்வலர்களில் பெரும்பாலோர் மனம் உடைவதற்குத் தோல்வியைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: தாங்கள் செய்யும் வேலையின் பயன் எவ்வளவு, அது எங்கே விளைகிறது, எப்போது விளைகிறது என்பதை யாரும் அவர்களுக்கு உள்ளபடி சொல்வதில்லை. பெரிதாகச் சொல்லி அழைத்து வருகிறார்கள். சொன்னது நடக்காதபோது வந்தவர்கள் போய்விடுகிறார்கள்.

வீடு வீடாகப் போகிறவரின் ஒரு மாலைப் பொழுதை எடுத்துக்கொள்வோம். கையில் வாக்காளர் பட்டியலின் நகல் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: ஆதரவு, எதிர்ப்பு, முடிவெடுக்கவில்லை, ஆள் இல்லை. இரண்டு மணி நேரம் நடந்த பிறகு தாளைப் பார்த்தால் கடைசிக் கட்டத்தில்தான் குறிகள் நிறைந்திருக்கும். கதவைத் திறந்தவர்களிலும் சிலர் பாதிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி துண்டறிக்கைக்காகக் கையை மட்டும் நீட்டியிருப்பார்கள். சிலர் "பார்க்கலாம்" என்று சொல்லியிருப்பார்கள். ஒருவர் ஐந்தாண்டுகளாக அடக்கி வைத்திருந்த கோபத்தையெல்லாம் நம்மிடம் கொட்டியிருப்பார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பும்போது, இன்று எதையுமே செய்யவில்லை என்று தோன்றுவது இயற்கை. ஆனால் அது உண்மைதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் என்ற இரு அரசியல் அறிஞர்கள், ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு கள ஆய்வு நடத்தினார்கள். வாக்களிக்க வாருங்கள் என்று சிலரை நேரில் போய் அழைத்தார்கள்; சிலருக்கு அஞ்சல் அனுப்பினார்கள்; சிலரைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள்; சிலரை எதுவும் செய்யாமல் விட்டுவிட்டார்கள். நேரில் தேடிப் போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவானவர்களையே சந்திக்க முடிந்தது. அப்படிச் சந்தித்தவர்களிடையே வாக்களிப்பு 8 முதல் 9 சதவீதப் புள்ளிகள் வரை கூடியிருந்தது. அஞ்சலால் விளைந்த பயன் மிகச் சிறியது. தொலைபேசி அழைப்பால் பயன் இருந்ததாகவே தெரியவில்லை. பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் இதைவிடக் குறைந்த விளைவே கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் ஒருவர் இன்னொருவரை முகம் பார்த்து அழைப்பதற்குத் தனி வலிமை உண்டு என்ற அடிப்படை முடிவு நிலைத்திருக்கிறது.

இதை நம் தாளுக்குக் கொண்டு வந்து பாருங்கள். 100 பேரைத் தேடிப் போனால் 30 பேர் கிடைப்பார்கள். அந்த முப்பதில் இருவரோ மூவரோ, நாம் போயிராவிட்டால் வாக்குச்சாவடிப் பக்கம் வந்தே இருக்க மாட்டார்கள். இதுதான் ஒரு நல்ல நாளின் விளைச்சல். சிறிய எண் என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது பெரிய எண்ணாகவே படுகிறது. ஆனால் இதற்குள் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. அந்த இருவர் யார் என்பது உங்களுக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. முகமலர்ச்சியோடு பேசி அனுப்பியவர் எப்படியும் வாக்களித்திருப்பார்; சிடுசிடுத்தவர்தான் அந்த இருவரில் ஒருவராக இருந்திருக்கக்கூடும். பலன் உறுதி, ஆனால் முகவரி தெரியாது என்ற நிலையில் தொடர்ந்து வேலை செய்யப் பழகுவதே இந்தப் பணியின் கடினமான பகுதி என்று நினைக்கிறேன். தட்டிய ஒவ்வொரு கதவிலும் கைமேல் பலன் தேடுகிறவருக்கு ஒரு வாரத்தில் மனம் கசந்துவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை. வாக்களிக்க வரவைப்பது வேறு, மனத்தை மாற்றுவது வேறு. ஜாஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மேன் என்ற இரு அரசியல் அறிஞர்கள் 49 கள ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு, பொதுத்தேர்தலின்போது பிரசாரத்தால் வாக்காளர் தம் தெரிவை மாற்றிக்கொள்ளும் அளவு சராசரியாகச் சுழியம் என்பதுதான். சராசரி என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். விதிவிலக்குகள் உண்டு, முன்கூட்டியே தொடங்கும் பணிக்கு ஓரளவு பயன் உண்டு. எப்படியானாலும், கட்சிப் பற்றுள்ள ஒருவரை வாசலில் நின்று இரண்டு நிமிடத்தில் மடக்கிவிடலாம் என்று உங்களுக்குப் பயிற்சி தருகிறவர் உங்களை ஏமாற்றுகிறார். எதிர்ப்பாளரோடு அரை மணி நேரம் வாதாடித் தோற்றுவிட்டுச் சோர்ந்து திரும்பும் தொண்டர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் தோற்றதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. நடக்க வாய்ப்பே இல்லாத ஒரு வேலையை அவர்களிடம் கொடுத்தவர்களே பொறுப்பு.

அதே இருவர் 2016இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மயாமி நகரில் தன்னார்வலர்கள் வாசலில் நின்று சுமார் பத்து நிமிடம் உரையாடினார்கள். வாதாடவில்லை, மற்றவர்களால் ஒதுக்கப்பட்டுக் காயப்பட்ட அனுபவம் உங்களுக்கு உண்டா என்று கேட்டுவிட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். திருநர்கள் மீதான வெறுப்பு அந்த உரையாடலால் குறைந்தது. மூன்று மாதங்கள் கழித்துக் கேட்டபோதும் அந்த மாற்றம் மறைந்துவிடவில்லை. இதில் ஒரு வேடிக்கை: இதே போன்ற முடிவைச் சொன்ன ஓர் ஆய்வுக் கட்டுரை 2014இல் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. அதன் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று 2015இல் அம்பலப்படுத்தியவர்களில் ப்ரூக்மேனும் கல்லாவும் அடக்கம். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. கேட்க இனிமையாக இருந்த ஒரு பொய்யைத் தகர்த்தவர்களே, பிறகு பொறுமையாகச் சோதித்து அதற்குள் இருந்த உண்மையைக் கண்டுபிடித்தார்கள். நமக்குத் தேவைப்படும் நம்பிக்கை இந்த வகையைச் சேர்ந்தது. சோதித்தால் உடையக்கூடியதை வைத்துக்கொண்டு தேர்தலுக்குத் தேர்தல் நடமாட முடியாது.

இனி காலக்கணக்குக்கு வருகிறேன். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டாட்சித் தேர்தல்களில் வாக்குரிமை தரலாமா என்ற கேள்வி 1959 பிப்ரவரி 1 அன்று பொது வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தவர்கள் ஆண்கள் மட்டுமே. சுமார் 67 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கூட்டம் போட்டும் கையொப்பம் திரட்டியும் வந்த பெண்களுக்கு அன்றைய இரவு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் 1971 பிப்ரவரி 7 அன்று அதே கேள்வி மறுபடியும் அதே ஆண்கள் முன் வைக்கப்பட்டபோது, ஏறத்தாழ 66 சதவீதத்தினர் சரி என்றார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில் விகிதம் அப்படியே தலைகீழானது.

1959இன் அந்தத் தோல்வி நாளில் நடந்த இன்னொன்றுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அதே நாளில் வோ என்ற மாநிலத்தின் ஆண்கள், தங்கள் மாநில அளவில் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தார்கள். அவ்வாண்டே நியூஷாடெல், அடுத்த ஆண்டு ஜெனீவா என்று அது பரவியது. நாடு முழுவதற்குமான எண்ணை மட்டும் பார்த்தவர்களுக்கு அன்று இருள். மாநிலவாரியாகப் படித்தவர்களுக்கு அடுத்து எங்கே போய் வேலை செய்யலாம் என்ற துப்பு கிடைத்திருக்கும். முடிவுகள் வெளிவரும் இரவில் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடாமல், வாக்குச்சாவடி வாரியான எண்களை எடுத்து வைத்துப் படிக்கும் பழக்கம் உள்ள தொண்டர்கள் எளிதில் துவள்வதில்லை.

வெற்றி வரும் வழியும் நாம் திட்டமிட்டபடி இருப்பதில்லை. நியூசிலாந்தில் கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழியரும் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1891இல் திரட்டிய கையொப்பங்கள் 9,000க்கு மேல். மறு ஆண்டு ஏறத்தாழ 20,000. 1893இல் ஏறத்தாழ 32,000. ஊர் ஊராக வந்து சேர்ந்த தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினார்கள். நாடாளுமன்றத்தில் உறுப்பினர் ஜான் ஹால் அந்தச் சுருளை நடைபாதையில் உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச் சுவரில் மோதி நின்றது. ஆனால் மேலவையில் மசோதா நிறைவேறியது இருபதுக்குப் பதினெட்டு என்ற கணக்கில்தான். அதுவும் மசோதாவைத் தோற்கடிக்கப் பிரதமர் செடன் ஓர் உறுப்பினரை வளைத்த சூழ்ச்சியால் எரிச்சலடைந்து, வாக்குரிமையை எதிர்த்துவந்த இரண்டு உறுப்பினர்கள் பக்கம் மாறியதால். அந்த எரிச்சலை எந்தத் தொண்டரும் உண்டாக்கவில்லை. ஆனால் மூன்றாண்டு உழைப்பு அந்த மசோதாவை அவ்வளவு தூரம் கொண்டு வந்து நிறுத்தியிராவிட்டால், அந்த எரிச்சல் யாருக்கும் பயன்பட்டிருக்காது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலச் சட்டமன்றத்தின் ஒரு தொகுதியில் 2017இல் இரு வேட்பாளர்களும் ஆளுக்கு 11,608 வாக்குகள் பெற்றார்கள். 2018 ஜனவரியில் இருவர் பெயரையும் ஒரு கிண்ணத்தில் போட்டுச் சீட்டெடுத்தார்கள். அந்த ஒரு சீட்டு, அவையின் பெரும்பான்மையையே முடிவு செய்தது. தோற்ற ஷெல்லி சைமன்ஸ் 2019இல் அதே தொகுதியில் நின்று வென்றார். ஒவ்வொரு வாக்கும் முக்கியம் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தெரிவது, குலுக்கலில் தோற்ற தொகுதியில் அடுத்த தேர்தலுக்கு மறுபடியும் பட்டியலைக் கையில் எடுக்க ஆட்கள் இருந்தார்கள் என்பது.

தோல்வியைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. வென்ற பிறகு வரும் ஏமாற்றம். யாருக்காக வெயிலில் அலைந்தோமோ அவர் பதவிக்கு வந்து, நாம் வாசல் வாசலாகச் சொன்ன வாக்குறுதிக்கு எதிராகக் கை தூக்குகிறார். அதைத் தாங்கிக்கொள்வது கடினம், ஏனெனில் அந்த வாக்குறுதி நம் வாயால் சொல்லப்பட்டது. இதற்கு நான் காணும் ஒரே பாதுகாப்பு, ஒருவருடைய பெயருக்காக அல்லாமல் ஒரு கோரிக்கைக்காகக் களம் இறங்குவது. கோரிக்கையோடு போனவருக்கு வெற்றிக்குப் பிறகும் வேலை இருக்கும். அடுத்த நாளே மனுவோடு போய் நிற்கலாம், மறுத்தால் கேள்வி கேட்கலாம். தலைவரின் முகத்தோடு மட்டும் போனவர், அந்த முகம் மாறும்போது சேர்ந்து சரிந்துவிடுகிறார். தலைமை இதை விரும்பாது என்பது எனக்குத் தெரியும்.

கருத்துக்கணிப்புகளைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. மணிக்கொரு முறை அவற்றைப் பார்ப்பது அரசியல் பணி அன்று. அந்த நேரத்தில் ஆள் இல்லை என்று குறித்த வீடுகளுக்கு இரண்டாம் முறை போயிருக்கலாம்.

பொறுப்பாளர்களாக இங்கே வந்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தன்னார்வலரைத் துண்டறிக்கை சுமக்கும் ஆளாக மட்டும் நடத்தினால் அவர் திரும்பி வரமாட்டார். மாலையில் தாளை வாங்கி வைக்கும்போது, அந்தத் தெருவில் என்ன கேட்டீர்கள் என்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொன்னதால் மறுநாள் பேச்சில் ஏதாவது மாறியது என்றால் அதை அவருக்குத் தெரிவியுங்கள். வெற்றி உறுதி என்று யாரிடமும் சொல்லாதீர்கள். எதிரணியின் வாக்குச்சாவடி முகவரும் தம் வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்தவர்தான் என்பதைப் புதியவர்களுக்கு முதல் நாளே சொல்லி வையுங்கள். எதிரே இருப்பவரை வெறுத்து வேலை செய்கிறவர்கள் வேகமாக ஓடி வேகமாகவே ஓய்ந்துவிடுகிறார்கள். வாரத்தில் ஒரு நாள் கட்டாய ஓய்வு கொடுங்கள், கடைசி வாரத்திலும்.

இன்னொன்று: வாக்கு எண்ணிக்கை முடிந்த அடுத்த வாரத்தில் ஒரு கூட்டத்துக்கான நாளை, வாக்குப்பதிவுக்கு முன்பே குறித்து எல்லோருக்கும் அறிவித்துவிடுங்கள். வென்றாலும் தோற்றாலும் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும். வாக்குச்சாவடி வாரியான எண்களோடு வாருங்கள். எந்தத் தெருவில் யார் கதவைத் திறந்தார்கள், என்ன குறை சொன்னார்கள், அதில் தேர்தலுக்குக் காத்திராமல் இப்போதே எடுத்துக்கொள்ளக்கூடியது எது என்று பேசுங்கள். குறிப்புகளில் உள்ள தனிப்பட்ட விவரங்களைப் பத்திரப்படுத்துங்கள், அல்லது அழித்துவிடுங்கள். கேட்ட குறைகளை மட்டும் ஒரு தாளில் எழுதி, அவற்றைத் தொடர்ந்து கவனிக்க ஒருவரைப் பொறுப்பாக்கிவிட்டுக் கலையுங்கள்.

வாய்ப்பளித்தவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன்.